சக்கரத்தின் இடத்தைத் தீர்மானிக்கும் தகடு

காரின் சக்கரம் சாலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் அசைய வேண்டும். அதே வேளையில் முன்னும் பின்னும், உள்ளும் வெளியும் நகராமல் தனக்குரிய தளத்திலேயே நிற்கவும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றுவதற்காகச் சக்கரத்துக்கும் காரின் உடற்சட்டகத்துக்கும் இடையே கைகளும் சுருள்வில்லும் அதிர்வை அடக்கும் அப்சார்பரும் சேர்ந்த சஸ்பென்ஷன் அமைக்கப்படுகிறது. அந்தக் கைகளையும் அப்சார்பரையும் சட்டகத்தோடு இணைப்பது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய, துளையிட்ட இரும்புத் தகடு. பிராக்கெட் என்று வழங்கும் இந்தத் தகடு ஒரு காரில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வரலாம். அதன் எடை சில நூறு கிராம், அதன் பொருட்செலவு சில ரிங்கிட். எனினும் தானே கார் கட்டுபவர் செய்யும் வேலைகளில் இதைப் போல் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது மிகக் குறைவு. எஞ்சின் நின்றுபோனால் கார் நிற்கும், அவ்வளவே. வளைவில் பிராக்கெட் பிய்ந்துபோனால் சக்கரம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை விட்டே போய்விடும். தகட்டின் தடிமனைக் கூட்டிவிட்டால் பாதுகாப்பும் கூடிவிடும் என்ற எண்ணம் பட்டறைகளில் பரவலாக உள்ளது. அந்த எண்ணம் பெரும்பாலும் தவறானது என்பதையும், துளை விழும் இடமும் விசை பயணம் செய்யும் பாதையுமே பிராக்கெட்டின் தகுதியைத் தீர்மானிக்கின்றன என்பதையும் எளிய கணக்குகளைக் கொண்டே காட்ட முடியும்.

வீட்டிலேயே கார் கட்டும் வழக்கம் உலகறிந்த ஒரு மரபாக உருவானது பிரிட்டனில்தான். லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன் 1957இல் லோட்டஸ் செவன் என்ற எளிய இரு இருக்கை காரை வெளியிட்டார். முழு காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி, பிரித்த பாகங்களாக வாங்கி வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் காருக்குக் கிடையாது என்பதால், அக்கால இளைஞர்கள் பலர் தங்கள் கொட்டகைகளிலேயே அதைக் கட்டிக்கொண்டனர். 1973இல் அந்தக் காரின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. 1996இல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேய ஆசிரியர், 250 பவுண்டுச் செலவில் விளையாட்டுக் கார் கட்டும் வழியை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். ஓர் அங்குலச் சதுரக் குழாய்களை வெட்டி ஒட்டி, பழைய காரின் பாகங்களைப் பூட்டி, செவனின் சாயலில் கட்டப்படும் அந்தக் கார் லோகாஸ்ட் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. செவனின் பிராக்கெட்டுகள் தொழிற்சாலையிலிருந்தே சட்டகத்தில் ஒட்டப்பட்டு வந்தவை. லோகாஸ்டின் பிராக்கெட்டுகளைக் கட்டுபவரே வெட்டி, துளையிட்டு, ஒட்ட வேண்டும். பொறியியல் கல்லாத ஒருவரின் கையில் இந்த வேலை முதன்முறையாகப் பெருமளவில் வந்து சேர்ந்தது அந்த நூலுக்குப் பிறகுதான் எனலாம்.

இந்த வரலாறு மலேசியாவுக்கு அந்நியமானதன்று. ஷா ஆலமில் ஆலை அமைத்து 1985இல் சாகா காரை வெளியிட்ட புரோட்டோன் நிறுவனம், சாம்பியனின் நூல் வந்த அதே 1996இல் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 2017இல் சீனாவின் கீலி பெரும்பங்கைப் பெறும்வரை லோட்டஸ் மலேசியர் வசமே இருந்தது. கோலாலம்பூரில் பிறந்த தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸ் 2011இல் கேட்டர்ஹாம் நிறுவனத்தையும் வாங்கினார். 2021இல் அது ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. ஆகவே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், வீட்டில் கட்டும் காருக்கு மூலவடிவம் தந்த நிறுவனமும் அந்த வடிவத்தை இன்றளவும் உற்பத்தி செய்யும் நிறுவனமும் ஒருசேர மலேசியர்களுக்குச் சொந்தமாக இருந்தன. 1990களின் பிற்பகுதியில் வந்த புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐ காரின் சஸ்பென்ஷனை லோட்டஸ் பொறியாளர்கள் செம்மைப்படுத்தியதை மலேசிய ஓட்டுநர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். அதே காலத்தில், 1986இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட புஃபோரி என்ற கைவினைக் கார் நிறுவனம் 1998இல் தன் உற்பத்தியை மலேசியாவுக்கு மாற்றிக்கொண்டு கெப்போங்கில் தொடர்ந்தது.

இரும்பு வேலையைப் பொறுத்தவரை கிள்ளான் பள்ளத்தாக்கின் மரபு கார்களைவிட மூத்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி ரயில்பாதை 1886இல் புக்கிட் கூடாவரை திறக்கப்பட்டது. ஆற்றின் மேல் பாலம் முடிந்த பிறகு 1890இல் கிள்ளான் நகரை எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் எழுந்த மத்திய ரயில்வே பட்டறையில், தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் பிட்டர்களாகவும் கொல்லர்களாகவும் கொதிகலன் தொழிலாளர்களாகவும் தலைமுறைகள் தோறும் உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகள் அந்த உழைப்பின் மறுபாதி. நாட்டின் போக்குவரத்துக்கு அந்தப் பட்டறை எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதற்கு, 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேச நாட்டு விமானங்கள் அதைக் குறிவைத்துக் குண்டு வீசியதே சான்று. ரயில் பணிகள் பின்னர் இடம் மாறினாலும் இரும்பை அளந்து வெட்டிப் பொருத்தும் கைத்திறன் இப்பகுதியை விட்டுப் போய்விடவில்லை. துறைமுகத்தை நம்பி வாழும் கிள்ளானில், மேரு, காப்பார் சாலைகளை ஒட்டிய லோரிப் பட்டறைகளில் சேஸிஸ் நீட்டுவதும் இலைவில் தாங்கிகளை மாற்றுவதும் அன்றாட வேலைகள். லோரிக்கு வேலை செய்து பழகிய கை காருக்கு வரும்போது தகட்டைத் தடிமனாக்கவே முதலில் நினைக்கும். பத்து டன் சுமையைக் கையாண்ட அனுபவத்தின் இயல்பு அது. காரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

அந்தக் கேள்வியை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். ஓட்டுநரோடு சேர்த்து 600 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொண்டால், நிற்கும் நிலையில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் சுமார் 150 கிலோகிராம், அதாவது விசையின் அலகான நியூட்டனில் சொன்னால் ஏறக்குறைய 1,500 நியூட்டன் இறங்குகிறது. வேகமாக வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாய்வதால், முன்வெளிச் சக்கரத்தின் டயரைச் சாலை 2,500 நியூட்டன் விசையோடு உட்புறமாகத் தள்ளுவதாகக் கொள்ளலாம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள் இரண்டு. ஆங்கில ஏ எழுத்தின் வடிவில் கவட்டையாகப் பிரிந்திருப்பதால் அவற்றை ஏ-ஆர்ம் என்கிறார்கள். கீழ்க்கையின் வெளிமுனை தரையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்திலும், மேல்கையின் வெளிமுனை 400 மில்லிமீட்டர் உயரத்திலும் இருந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 250 மில்லிமீட்டர். விசை செயற்படுவதோ இரண்டுக்கும் கீழே, தரையில். நெம்புகோல் விதியின்படி கணக்கிட்டால் கீழ்க்கையில் 4,000 நியூட்டன் அழுத்தமும், மேல்கையில் 1,500 நியூட்டன் இழுப்பும் தோன்றும். சாலை தந்தது 2,500; கீழ்க்கை வாங்கிக்கொண்டது 4,000. விசை வழியிலேயே பெருகிவிடுகிறது என்பதும், மேல்கையும் கீழ்க்கையும் எதிரெதிர்த் திசைகளில் உழைக்கின்றன என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன. ஆகையால் மேல், கீழ் பிராக்கெட்டுகளை ஒரே அச்சில் வார்த்தது போல் செய்வது வசதியாக இருக்கலாமே தவிர, அவை ஒரே வேலையைச் செய்வதில்லை.

இதைவிடக் கடுமையான சோதனைக்கு ஆளாவது அப்சார்பரின் கீழ்முனை. இடவசதிக்காக, சுருள்வில்லைத் தன்மேல் தாங்கிய அப்சார்பர் சக்கரத்துக்கு அருகே பூட்டப்படாமல் கையின் நடுப்பகுதியில் பூட்டப்படுமானால், சக்கரம் 2 சென்டிமீட்டர் உயரும்போது அப்சார்பர் 1 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கும். அதற்கு விலையாக விசை இரண்டு மடங்காகும். நிற்கும் நிலையில் சக்கரத்தின் மீதுள்ள 1,500 நியூட்டன், அப்சார்பரின் பிராக்கெட்டில் 3,000 நியூட்டனாகிறது. குழியில் சக்கரம் விழுந்தெழும்போது சுமை மூன்று மடங்காவதாகக் கொண்டால் 9,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு நிகரான அடி அங்கே விழும். இந்த அடி ஒருமுறை மட்டும் விழுவதன்று. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒவ்வொரு பாலத்து இணைப்பிலும் சிறிதும் பெரிதுமாகத் திரும்பத் திரும்ப விழுகிறது.

இனித் தடிமன் பற்றிய நம்பிக்கையைச் சோதிக்கலாம். மென்னெஃகு எனப்படும் சாதாரண இரும்புத் தகடு, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் சுமார் 250 நியூட்டன் விசை வரும்வரை வளைந்தாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்; ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் என்ற அளவைத்தான் மெகாபாஸ்கல் என்கிறார்கள். இருபுறமும் 3 மில்லிமீட்டர்த் தகடு கொண்ட ஒரு பிராக்கெட்டில் 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று 4,000 நியூட்டன் விசையோடு துளையின் விளிம்பை அழுத்தினால், அங்கே தோன்றும் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்கும் விசை, சுமார் 55 மெகாபாஸ்கல் மட்டுமே. குழியின் அடியைக் கருதி மூன்று மடங்காக்கினாலும் 167 மெகாபாஸ்கலைத் தாண்டாது. ஆகவே விசை தகட்டின் தளத்திலேயே செல்லும்வரை 3 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போதும். அதே தகட்டை 40 மில்லிமீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒற்றைத் தகடாக நிறுத்தி, அதன் மேல்முனையில் வெறும் 1,000 நியூட்டன் விசையைப் பக்கவாட்டில் கொடுத்தால், அடிப்பகுதியில் 660 மெகாபாஸ்கலுக்கு மேல் தகைவு தோன்றித் தகடு நிரந்தரமாக மடங்கிவிடும். நாலில் ஒரு பங்கு விசை, திசை மாறியதால் மட்டும், தகட்டை அழித்துவிடுகிறது. இரு தகடுகளையும் பின்புறம் ஒரு முதுகுத் தகட்டால் இணைத்துப் பெட்டி போல் ஆக்குவதன் நோக்கம் இந்தப் பக்கவாட்டு மடிப்பைத் தடுப்பதே. தடிமனை 5 மில்லிமீட்டராக உயர்த்துவதைக் காட்டிலும் 3 மில்லிமீட்டர் தகட்டைச் சரியாக மடிப்பது மேலானது. எடை குறைவதோடு, மெல்லிய குழாயில் ஒட்டுவதற்கும் அது எளிது.

போல்ட்டைப் பற்றிக்கொள்ளும் முறையிலும் இதே உண்மை வேறு வடிவில் வெளிப்படுகிறது. கையின் முனை இரு தகடுகளுக்கு நடுவே அமைந்து, போல்ட் இரு பக்கமும் தாங்கப்பட்டால் அது இரட்டைப் பிடிப்பு. ஒரே தகட்டிலிருந்து போல்ட் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, அதன் நுனியில் கை மாட்டப்பட்டால் அது ஒற்றைப் பிடிப்பு. 8.8 என்ற தரக்குறி கொண்ட 12 மில்லிமீட்டர் போல்ட்டைக் கத்தரித்து அறுக்க வேண்டுமானால் 50,000 நியூட்டனுக்கு மேல் தேவைப்படும். 4,000 நியூட்டன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். ஆனால் ஒற்றைப் பிடிப்பில் அந்த 4,000 நியூட்டன் தகட்டிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளிச் செயற்பட்டால், போல்ட் அறுபடுவதற்குப் பதிலாக வளைகிறது. மரை வெட்டப்பட்ட பகுதி தகட்டின் வாயிலில் வந்து நின்றால், மரையின் அடிவிட்டம் 10 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு என்பதால், அங்கே தகைவு 850 மெகாபாஸ்கலை எட்டும். அந்த போல்ட்டின் தாங்கும் எல்லையோ 640 மெகாபாஸ்கல். பதின்மடங்கு வலிமையுடையதாகத் தோன்றிய போல்ட், பிடிக்கப்பட்ட விதத்தால் முதல் வளைவிலேயே கோணிப்போகும். இரட்டைப் பிடிப்பை இயன்ற எல்லா இடங்களிலும் வற்புறுத்துவதும், மரையில்லாத தண்டுப் பகுதியே துளைக்குள் அமையும்படி நீளம் பார்த்து போல்ட் தேர்ந்தெடுப்பதும் இந்தக் காரணத்தினால்தான்.

வலிமைக்கு அடுத்து வருவது வடிவியல். கட்டுபவர்கள் பலர் இடறுவது இங்கேதான். சக்கரம் முன்னிருந்து பார்க்கும்போது உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணத்தைக் கேம்பர் என்கிறார்கள். மேல்கையின் பிராக்கெட் துளை 2 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப்போனால், முன்னர் சொன்ன 250 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் கேம்பர் ஏறத்தாழ அரைப் பாகை மாறிவிடும். இதைக் கையின் நீளத்தைத் திருகித் திருத்திக்கொள்ளலாம். எளிதில் திருத்த முடியாத பிழை, துளையின் உயரத்தில் நேர்வது. சக்கரம் மேலெழும்போது கையின் முனையும் ஸ்டீயரிங்கின் இழுதண்டு முனையும் ஒத்த வட்டங்களில் செல்ல வேண்டும். பிராக்கெட் சில மில்லிமீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ ஒட்டப்பட்டால் இரு வட்டங்களும் பிரிந்துவிடும். ஸ்டீயரிங் நெம்பின் நீளம் 120 மில்லிமீட்டர் என்றால், இழுதண்டு 1 மில்லிமீட்டர் முந்திக்கொண்டால் போதும், சக்கரம் அரைப் பாகை தானாகவே திரும்பும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை அசைக்காமலே, மேட்டில் ஏறும்போதெல்லாம் கார் ஒரு பக்கம் இழுக்கும். பம்ப் ஸ்டீயர் என்று அழைக்கப்படும் இந்தக் குறை, காரை முடித்து வண்ணம் அடித்த பிறகே பெரும்பாலும் தெரியவருகிறது. அப்போது சட்டகத்தை மீண்டும் வெட்ட நேரிடலாம்.

ஆகையால் பிராக்கெட்டைச் சட்டகத்தில் வைத்து அளப்பதைவிட, துளைகளை முதலில் வெளியில் நிறுத்திவிட்டு பிராக்கெட்டை அவற்றிடம் கொண்டுவருவதே தேர்ந்த முறை. மட்டம் பார்த்த கனமான மேசையில் சட்டகத்தை இறுக்கிக் கட்டி, துளைகள் வர வேண்டிய துல்லியமான இடங்களில் தாங்கிகளை நிறுத்தி, ஒரே நேரான தண்டை முன் பிராக்கெட்டின் துளையிலிருந்து பின் பிராக்கெட்டின் துளைவரை செலுத்தி வைக்கிறார்கள். இதற்கு ஜிக் என்று பெயர். தண்டு இரு பிராக்கெட்டுகளிலும் தடையின்றிச் சுழலும் நிலையில்தான் தகடு சட்டகத்தைத் தொட வேண்டும். தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே இடைவெளி இருந்தால் அங்கே தகட்டின் விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்யலாம், ஆனால் துளையை நகர்த்தக் கூடாது. ஜிக் செய்வதற்கு எடுக்கும் நேரம் பிராக்கெட் செய்வதற்கு எடுக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு அதிகம். அந்த நேரத்தை மிச்சப்படுத்துபவர் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் வெவ்வேறு குணம் கொண்ட காரைப் பெறுகிறார்.

தகடு வெட்டும் வேலை இன்று எளிதாகிவிட்டது. ஷா ஆலம், பூச்சோங் போன்ற தொழிற்பேட்டைகளில் கணினி வரைபடத்தைக் கொடுத்தால் லேசர் கதிரால் வெட்டித் தரும் பட்டறைகள் பல உள்ளன. கை கிரைண்டரில் ஒரு நாள் பிடிக்கும் வேலை சில நிமிடங்களில் முடிகிறது. எனினும் துளையை மட்டும் லேசரிடம் முழுவதுமாக ஒப்படைக்காமல், சிறிய துளையாக வெட்டச் சொல்லி, பிறகு இரு பக்கத் தகடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கிச் சேர்த்துத் துளையிட்டு, ரீமர் என்ற செதுக்குக் கருவியால் சரியான அளவுக்கு விரிவாக்குவது நல்லது. லேசரின் வெப்பத்தால் விளிம்பு கடினமாவதும் சற்றே சரிவதும் உண்டு. ஒருசேரத் துளையிட்ட இரு தகடுகளோ எப்போதும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புவரை போல்ட் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இரும்பு இருக்க வேண்டும் என்பது நெடுங்காலப் பட்டறை வழக்கு. 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 18 மில்லிமீட்டர். எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் இந்த விளிம்பைச் செதுக்கிவிடுவோர் உண்டு. தகட்டின் வேறெந்தப் பகுதியில் வேண்டுமானாலும் இரும்பைக் குறைக்கலாம், இங்கே மட்டும் கூடாது.

வெட்டிய தகடு எங்கே ஒட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே மற்றவை எல்லாம். லோகாஸ்ட் வகைச் சட்டகத்தின் குழாய்ச் சுவர் 1.6 மில்லிமீட்டர் தடிமனே உடையது. இரண்டு மூன்று குழாய்கள் சந்திக்கும் முடிச்சில் பிராக்கெட் அமைந்தால், விசை அந்தக் குழாய்களின் நீளவாக்கில் பிரிந்து சட்டகம் முழுவதும் பரவும்; முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளிக் குழாயின் நடுவில் அமைந்தால், அதே விசை குழாயை வளைக்கவும் அதன் மெல்லிய சுவரை உள்ளே அமுக்கவும் முற்படும். அங்கே பிராக்கெட்டை 6 மில்லிமீட்டர் தகட்டில் செய்வது பயனற்றது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும். விறைத்த தகடு விசையை எங்கும் பரப்பாமல் தன் கூரிய விளிம்பின் வழியே மெல்லிய சுவரில் குவித்து, நாளடைவில் குழாயைக் கிழித்துவிடும். முடிச்சில் வைக்கவே முடியாத நிலை வந்தால், குழாயின் இரண்டு மூன்று முகங்களை அணைத்துக்கொள்ளும்படி தகட்டை நீட்டி மடிப்பதும், பிராக்கெட்டுக்கு நேர் பின்னால் ஒரு சாய்குழாய் சேர்ப்பதும் ஏற்ற பரிகாரங்கள்.

வெல்டிங் செய்யும்போது உருகிய இரும்பு குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும் பக்கம் தகட்டை இழுக்கிறது. ஒரு பக்கத்தை முழுவதுமாக ஒட்டிவிட்டு மறுபக்கம் வந்தால், அதற்குள் பிராக்கெட்டின் வாய் கோணி, புஷ் எனப்படும் ரப்பர் உருளை உள்ளே நுழைய மறுக்கும். எனவே முதலில் நான்கு மூலைகளிலும் புள்ளி வைத்தாற்போல் ஒட்டி, அளந்து சரிபார்த்து, பிராக்கெட்டின் நடுவே புஷ்ஷின் நீளத்துக்குச் சமமான தடித்த குழாய்த்துண்டை வைத்து போல்ட்டால் இறுக்கி, பின்னர் இடமும் வலமும் மாறி மாறிச் சிறு சிறு நீளங்களாக ஒட்டுகிறார்கள். துரு, எண்ணெய், சூடான உருட்டலில் படிந்த கரும்படலம் ஆகியவற்றைத் தேய்த்து நீக்காமல் ஒட்டினால் பற்று உட்புகாது. துத்தநாகம் பூசிய தகட்டை அப்படியே ஒட்டுவது ஒட்டுபவருக்கே ஆபத்து. எழும் புகையைச் சுவாசிப்பதால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஒட்டு வரி தகட்டின் விளிம்பில் முடிந்துவிடாமல் மூலையைச் சுற்றித் திரும்பி முடிய வேண்டும், ஏனெனில் வெடிப்பு பிறக்கும் இடம் பெரும்பாலும் ஒட்டு தொடங்கும் முனையும் முடியும் முனையுமே. மேல்பரப்பு மீன்செதிலைப் போல் ஒழுங்காகத் தோன்றுவது மகிழ்ச்சிக்குரியது; உள்ளே பற்று எவ்வளவு ஆழம் சென்றது என்பதை அந்த அழகு சொல்வதில்லை. அதே தடிமனுள்ள துண்டுத் தகடும் குழாயும் எடுத்து ஒட்டி, குறுக்காக அறுத்துப் பார்த்த பிறகே காரின் சட்டகத்தைத் தொடுவது ஒட்டுபவரின் பொறுப்பு.

ஒருமுறை சுமையைத் தாங்கிய இரும்பு இலட்சம் முறை தாங்குமா என்ற கேள்விக்கு விடை தேடித் தந்தது ரயில்வே. 1842 மே மாதம் பாரிசுக்கு அருகே வெர்சாய் பாதையில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் உயிரிழந்தனர். எந்த ஒரு நாளிலும் அளவுக்கு மீறிய சுமை ஏறாத அச்சுகள் ஏன் முறிகின்றன என்பது அக்காலப் பொறியாளர்களைக் கலங்கவைத்தது. 1850களிலும் 1860களிலும் பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைக்கும் இயந்திரங்களை அமைத்து ஆராய்ந்து, தாங்கும் எல்லைக்கு வெகு கீழேயுள்ள சுமையும் பல இலட்சம் முறை மாறி மாறி வந்தால் இரும்பை வெடிக்கச் செய்யும் என்று நிறுவினார். உலோகக் களைப்பு என்ற இந்த அறிவே செந்தூல் போன்ற ரயில் பட்டறைகளில் அச்சுகளைக் காலம் தவறாமல் சோதிக்கும் ஒழுக்கத்துக்கு அடிப்படையானது. காரின் பிராக்கெட்டுக்கும் அது அப்படியே பொருந்தும். ஒட்டு வரியின் ஓரத்தில் தலைமுடியளவு தோன்றும் வெடிப்பைக் கண்டுபிடிக்கச் சிவப்புச் சாயச் சோதனை உதவுகிறது: சுத்தம் செய்த பரப்பில் ஊடுருவும் சாயத்தைத் தெளித்து, சிறிது நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால், வெடிப்புக்குள் தங்கிய சாயம் சிவந்த கோடாக வெளியே கசியும். மூன்று சிறு குப்பிகளில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த அறிவு இன்று முழுமையாகப் பயிலப்படும் இடம் பல்கலைக்கழகப் பட்டறைகளே எனலாம். 1981இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பார்முலா எஸ்ஏஇ என்ற மாணவர் போட்டியில், மாணவர்களே ஓர் இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்துக் கட்டி ஓட்ட வேண்டும். சுபாங் ஜெயாவிலுள்ள டெய்லர்ஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மலேசிய உயர்கல்வி நிலையங்களின் அணிகள் இவ்வகைக் கார்களைக் கட்டி வந்துள்ளன. இப்போட்டியின் விதிகள் பிராக்கெட் செய்பவருக்கு நல்ல பாடநூல். சஸ்பென்ஷன் இணையும் எல்லா இடங்களும் சோதனையாளரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூடியிருந்தால் மூடியைக் கழற்றிக் காட்ட வேண்டும் என்பது ஒரு விதி. ரோஸ் ஜாயின்ட் எனப்படும் கோளமூட்டுகள் இரட்டைப் பிடிப்பில் இருக்க வேண்டும், இல்லையேல் கோளம் கழன்றாலும் கை விழுந்துவிடாதபடி கூட்டின் உள்விட்டத்தைவிடப் பெரிய வாஷரால் தடுக்கப்பட வேண்டும் என்பது இன்னொன்று. நட்டுகள் தாமாகத் தளராத வகையாக இருக்க வேண்டும். பூட்டு நட்டைத் தாண்டி முழுமையான இரண்டு மரைகளாவது வெளியே தெரிய வேண்டும். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு தடத்தில் கழன்று ஓடிய ஒரு சக்கரம் இருந்திருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை.

பந்தயத் தடங்களுக்கும் இப்பகுதியில் குறைவிருந்ததில்லை. ஷா ஆலம் அருகே பத்து தீகாவில் 1968இல் திறக்கப்பட்ட தடத்தில் 1985இல் நெடுந்தூரக் கார்ப் பந்தயங்களுக்கான உலகத் தொடரின் சிலாங்கூர் 800 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. 1999இல் திறக்கப்பட்ட செப்பாங் தடத்தில் அவ்வாண்டிலிருந்து 2017வரை பார்முலா ஒன் பந்தயங்களும், 2010 முதல் 2012வரை குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் ஓடும் மாணவர் கார்களுக்கான ஷெல் ஆசியப் போட்டியும் நடந்தன. பொதுச் சாலைக்கு வருவதுதான் வேறு விஷயம். பிரிட்டனில் தனியொருவர் கட்டிய காரைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்யும் முறை 1998லிருந்தே உண்டு. 2009இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனக் கட்டமைப்பு குறித்த 1959ஆம் ஆண்டின் விதிகளும் நடப்பில் உள்ளன. சாலைப் போக்குவரத்து இலாகாவாகிய ஜேபிஜேயின் அனுமதியும் உரிய சோதனையும் இன்றி, கட்டிய காரையோ சட்டகம் மாற்றிய காரையோ சாலையில் ஓட்ட இயலாது. தானே கட்டும் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தெளிவான, கடுமையான, அதே வேளையில் கடந்து வரக்கூடிய ஒரு சோதனைப் பாதை அமையுமானால், ஒளிவுமறைவாக நடக்கும் அரைகுறை வேலைகள் வெளிச்சத்துக்கு வந்து திருந்தும். இருபது பிராக்கெட்டுகளையும் ஒரு சோதனையாளரின் முன் காட்டியாக வேண்டும் என்ற நிலையே கட்டுபவரின் கையைச் சீராக்கும்.

ஓடத் தொடங்கிய காருக்கு இப்பகுதியின் தட்பவெப்பம் தனிச் சவால். பிற்பகல் மழையும் ஈரக்காற்றும், கிள்ளான் துறைமுகப் பக்கம் கடலின் உப்பும், மடிந்த தகடுகளின் இடுக்கில் நீரைத் தேக்கி உள்ளிருந்து துருவை வளர்க்கின்றன. பெட்டி வடிவப் பிராக்கெட்டின் தாழ்ந்த மூலையில் நீர் வடிய ஒரு சிறு துளை விடுவதும், ஒட்டு முடிந்த அன்றே அடிப்பூச்சு கொடுப்பதும் தவிர்க்கக்கூடாதவை. தடித்த பவுடர் பூச்சு பார்வைக்கு அழகானதாயினும் அடியில் தோன்றும் வெடிப்பை நெடுநாள் மறைத்துவிடும். மெல்லிய வெளிர்நிற வண்ணத்திலோ வெடிப்பின் வழியே கசியும் துரு பழுப்புக் கோடாக உடனே தெரியும். இரப்பர் உறையில்லாத கோளமூட்டுகள் மழையிலும் புழுதியிலும் விரைவில் தேய்ந்து ஆடத் தொடங்கும் என்பதால், தடத்தில் மட்டும் ஓடும் காருக்கே அவை ஏற்றவை. பிற கார்களுக்குச் சாதாரண ரப்பர் புஷ் போதும். போல்ட்டுகளை அளந்த முறுக்குவிசையில் இறுக்கியதும், நட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்துக் குறுக்காக மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு இட்டுவைக்கிறார்கள். ஓட்டம் முடிந்து வந்ததும் காருக்கு அடியில் விளக்கைப் பிடித்து அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது, அதை இறுக்கிவிட்டுப் போகாமல் போல்ட்டைக் கழற்றி, துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று விரல்நுனியாலும் அளவியாலும் பார்த்த பிறகே கார் மறுபடி நகர வேண்டும்.